டிஸ்டோபியா கதைகளில் கூட்டம்தான் வில்லனா?

கேள்வி இது: “‘நாம்’, ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’, ‘1984’ மூன்றையும் வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். அரசு எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறது, ஒருத்தன் மட்டும் முரண்டு பிடிக்கிறான், கடைசியில் தோற்றுப்போகிறான். அப்படியென்றால் டிஸ்டோபியா, அதாவது கொடுமையான கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதை, என்பதே ‘தனிமனிதன் உசத்தி, கூட்டுவாழ்வு ஆபத்து’ என்று சொல்வதற்காகப் பிறந்த இலக்கிய வகையா? பனிப்போர் காலத்துப் பிரச்சாரம் என்று தள்ளிவிடலாமா?”

தள்ள வேண்டாம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரியே எழுதப்பட்ட கதை ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நீங்கள் பெயர் சொன்ன மூன்றிலும் அரசு முதலில் எதன் மேல் கை வைக்கிறது என்று பாருங்கள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே, காதலர் இருவருக்கு நடுவே, நண்பர்களுக்கு நடுவே இருக்கிற பிடிப்பின் மேல். அதை அறுத்துவிட்டால் மிஞ்சுவது உதிரி ஆட்கள். உதிரிகளை வரிசையில் நிறுத்தப் பெரிய பலம் தேவையில்லை. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அந்த வரிசை ‘கூட்டம்’ போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

‘நாம்’ நாவலை எடுத்துக்கொள்வோம், மூன்றில் மூத்தது அதுதான். எழுதிய யெவ்கேனி ஸம்யாதின் 1884இல் ரஷ்யாவில் பிறந்தவர், தொழிலால் கப்பல் கட்டும் என்ஜினியர். மாணவராக இருந்தபோதே போல்ஷெவிக்குகளோடு சேர்ந்து, 1905 புரட்சி சமயத்தில் ஜார் அரசின் சிறையில் தனிக்கொட்டடியில் கிடந்தார். நாவலை எழுதியது 1920–21இல். சோவியத் ஆட்சி அதை அச்சேற விடவில்லை. 1924இல் நியூயார்க்கில், ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் புத்தகமானது. சோவியத் மண்ணில் வெளிவர 1988 ஆகிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டதுமே ‘சரி, கம்யூனிசத்தைத் திட்டிய நாவல்’ என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல், ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்ட பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களை மேற்பார்வையிட அவரை நியூகாசிலுக்கு அனுப்பினார்கள். சுமார் ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தார். குடியிருந்த இடம் ஜெஸ்மண்ட், வசதியான, ஒழுங்கான நடுத்தர வர்க்கப் புறநகர். அந்த வாழ்க்கையைக் கிண்டலடித்து ‘தீவுவாசிகள்’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். அதில் டூலி என்ற பாதிரியார் வருகிறார். மனிதர்களைக் கட்டாயப்படுத்தியாவது இரட்சித்துவிட வேண்டும் என்று புத்தகமே போட்டவர். அவர் படிப்பறைச் சுவரெல்லாம் அட்டவணைகள். சாப்பாட்டு வேளைகளுக்கு ஒன்று, சுத்தமான காற்று வாங்க ஒன்று, பாவத்துக்கு வருந்த ஒன்று, தர்மம் செய்ய ஒன்று. தலைப்பே போடாத அட்டவணை ஒன்றும் தொங்குகிறது. அது அவர் மனைவி சம்பந்தப்பட்டது: மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை.

‘நாம்’ நாவல் நடக்கும் கற்பனை நாடான ஓரரசில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்க இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டைக் காட்டினால்தான் கண்ணாடி வீட்டின் திரையை இறக்க அனுமதி. அந்தச் சீட்டுக்கு மூலம் எங்கே இருக்கிறது? புரட்சிக்கு முன்னால், ஒரு தேவாலய ஊழியர் வீட்டுச் சுவரில். சர்ச்சுக்குப் போகிற, சொத்துபத்து உள்ள, தன்னைச் சுதந்திர மனிதன் என்று நினைத்துக்கொள்கிற ஆங்கிலேயனிடம்தான் ஸம்யாதின் இந்த நோயை முதலில் கண்டார். ஊர் திரும்பிய பிறகு அதையே அரசாங்க அளவில் பார்த்தார்.

இன்னொரு மூலம் அமெரிக்கா. ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911இல் தொழிற்சாலை நிர்வாகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, வீண் அசைவை வெட்டிவிட்டு, மிச்சத்தை விதியாக்குவதுதான் அவர் முறை. இதுவரை மனிதன் முதலில் இருந்தான், இனிமேல் அமைப்புதான் முதலில் இருக்க வேண்டும் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ‘நாம்’ நாவலின் கதைசொல்லி டி-503, பழங்கால மனிதர்களிலேயே மேதை என்று கொண்டாடுவது இந்த டெய்லரைத்தான். பழைய இலக்கியத்தின் மகத்தான நூல் ரயில்வே கால அட்டவணை என்கிறான். ஓரரசில் எல்லாரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய், ஒரு கவளத்துக்கு ஐம்பது முறை மெல்கிறார்கள். மாலை 4 முதல் 5 வரை, இரவு 9 முதல் 10 வரை மட்டும் சொந்த நேரம். ஒருநாள் அதுவும் ஒழிந்து, நாளின் 86,400 நொடிகளும் அட்டவணைக்குள் வந்துவிடும் என்று டி-503 நம்புகிறான்.

இது கற்பனைதானே என்றால், முழுக்க இல்லை. 1918 ஏப்ரலில் லெனினே டெய்லர் முறையைப் படித்து சோவியத் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்தச் சொல்லி எழுதினார். அலெக்ஸேய் கஸ்தேவ் என்ற தொழிலாளர் கவிஞர் இன்னும் தூரம் போனார். தொழிலாளியின் மனம் தனிப்பெயர் தேவைப்படாத ஒன்றாக மாறி வருகிறது, ஆட்களை ஏ, பி, சி என்றோ 325, 075, 0 என்றோ குறிப்பிடலாம் என்று 1919இல் எழுதினார், அதுவும் வாழ்த்திப் பாராட்டி. மறு ஆண்டு மாஸ்கோவில் மத்திய தொழிலாளர் நிறுவனத்தைத் தொடங்கி, சுத்தியல் அடிப்பதற்கும் உளி பிடிப்பதற்கும் அசைவுப் பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்துத் தொழிலாளர் கவிதைகளில் ‘நாம்’ என்ற சொல்லுக்கு மந்திரம் போல மதிப்பு. ஸம்யாதின் தன் பாத்திரங்களுக்கு எண்ணையே பெயராக வைத்ததும், நாவலுக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்ததும் இந்தப் பின்னணியில்தான். கஸ்தேவை 1938இல் கைது செய்தார்கள், மறு ஆண்டு சுட்டுக் கொன்றார்கள். பெயர் வேண்டாம் என்று பாடியவரை அரசு பெயரைச் சொல்லித்தான் தேடி வந்தது.

சரி, நாவலுக்குள் போவோம். டி-503 ஒரு விண்கலம் கட்டுகிறான். சோதனை நாளில் என்ஜின் வாய்க்கு அடியில் கவனக்குறைவாக நின்ற பத்துப் பேர் சாம்பலாகிவிடுகிறார்கள். வேலையின் தாளம் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை என்று அவன் பெருமையாகக் குறித்துக்கொள்கிறான். பத்துப் பேர் என்பது ஓரரசின் மொத்தத்தில் கணக்கில் சேராத துளியாம்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் ‘கூட்டுவாழ்வு’ என்று சொல்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உண்மையான கூட்டு இருக்கிற எந்த இடத்திலாவது இப்படி நடக்குமா? சுரங்கத்தில் ஒருவர் மாட்டினால் மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். சங்கம் கூடும், ஊர் கூடும். ஓரரசில் பக்கத்தில் நிற்கிறவன் செத்தது பக்கத்தில் நிற்கிறவனுக்கே உறைக்கவில்லை. அங்கே எண்ணிக்கை இருக்கிறது, கூட்டு இல்லை.

அவனுக்கு ‘நோய்’ வருகிற இடமும் அப்படித்தான். ஐ-330 என்ற பெண்ணைப் பார்த்த பிறகு தூக்கம் கெடுகிறது, கனவு வருகிறது. மருத்துவரிடம் போகிறான். கத்தரிக்கோல் போன்ற மெல்லிய உதடுகள் உள்ள அந்த மருத்துவர் பரிசோதித்துவிட்டு, உனக்குள் ஆன்மா உண்டாகிவிட்டது போலிருக்கிறது, நிலைமை மோசம் என்கிறார். ஆபத்தா என்று கேட்டால், குணப்படுத்த முடியாது என்று பதில். அப்புறம் ஒரு விளக்கம் தருகிறார். இதுவரை நீ வழுவழுப்பான கண்ணாடி, மேலே பட்டதெல்லாம் திரும்பிப் போய்விடும். இப்போது அந்தப் பரப்பு இளகிவிட்டது, பட்டது உள்ளே இறங்கித் தங்குகிறது. கவனித்தீர்களா, ஆன்மா என்பதை மருத்துவர் ‘பிறரிடமிருந்து விலகி நிற்கும் நான்’ என்று சொல்லவில்லை. இன்னொருவர் நமக்குள் வந்து தங்குகிற இடம் என்கிறார்.

டி-503 எழுதுகிற வரி ஒன்று பலரால் மேற்கோள் காட்டப்படுவது: தூசி விழுந்த கண், சீழ் பிடித்த விரல், சொத்தைப் பல், இவைதான் தாங்கள் இருப்பதை உணரவைக்கும், ஆரோக்கியமான உறுப்பு இருப்பதே தெரியாது, ஆகவே தன்னுணர்வு என்பது வெறும் வியாதி. தனிமனிதவாதத்துக்கு ஆதரவான நாவல் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரி போதும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஓ-90. வாசகர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத பாத்திரம். குட்டையான, உருண்டை முகப் பெண். தாய்மைக்கு என்று அரசு வைத்திருக்கும் உயர அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவு என்பதால் பிள்ளை பெற உரிமை கிடையாது. பெற்றால் மரணம். தெரிந்தேதான் டி-503 முன்னால் வந்து நிற்கிறாள், எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று. அவளிடம் கொள்கைப் பேச்சு எதுவும் இல்லை, ‘நான்’ என்ற பிரகடனமும் இல்லை. கடைசியில் ஓரரசைச் சுற்றியிருக்கும் பச்சைச் சுவரைத் தாண்டி, வயிற்றுப் பிள்ளையோடு தப்பிப்பது அவள்தான். கலகக்காரியான ஐ-330, காற்றை உறிஞ்சி வதைக்கும் கண்ணாடி மணிக்குள் போகிறாள். கற்பனையை எரித்தெடுக்கும் அறுவைசிகிச்சை முடிந்த டி-503, அரசத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறான், யாரோ ஒரு பெண் என்பது போல. அவன் இழந்தது என்ன என்று கேட்டால் ‘தனித்தன்மை’ என்று சொல்லலாம். அந்த அறையில் அது எப்படித் தெரிகிறது? அவளை அடையாளம் தெரியாமல் போனதில்.

ஸம்யாதினுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். நாவல் ரஷ்ய மொழியில் வெளிநாட்டில் வெளியானதைக் காரணம் காட்டி 1929இல் எழுத்தாளர் சங்கமே அவருக்கு எதிராகத் திரும்பியது. தன் உறுப்பினரை வேட்டையாடுவதில் பங்கெடுக்கும் சங்கத்தில் இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். எழுத முடியாமல் செய்வது எழுத்தாளனுக்கு மரண தண்டனை, என்னை வெளிநாடு போக விடுங்கள் என்று. கார்க்கி தலையிட்டதால் அனுமதி கிடைத்தது. 1937இல் பாரிஸில் இறந்தார்.

ஜார்ஜ் ஆர்வெல் இந்த நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து 1946 ஜனவரியில் மதிப்புரை எழுதினார். அதில் அவர் சொன்னது உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஸம்யாதின் குறிவைத்தது ஏதோ ஒரு நாட்டை அல்ல, இயந்திரத் தொழில் நாகரிகம் போகிற திசையை. மூன்றாண்டு கழித்து, 1949இல் அவருடைய ‘1984’ வந்தது.

‘1984’ படித்தவர்களுக்கு டெலிஸ்கிரீன், பெரிய அண்ணன், 101ஆம் அறை எல்லாம் ஞாபகம் இருக்கும். இரண்டு சின்ன இடங்களைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். ஒன்று, சாதாரண உழைப்பாளி மக்களைப் பற்றி நாயகன் வின்ஸ்டன் யோசிக்கிற இடம். அவர்கள் கட்சிக்கோ தேசத்துக்கோ கொள்கைக்கோ விசுவாசமாக இல்லை, ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருந்தார்கள், அதனால்தான் மனிதர்களாகவே மிஞ்சியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதோடு சேர்ந்து அம்மாவின் ஞாபகம்: கொடுக்க ஒன்றுமில்லாதபோதும் சாகக் கிடந்த சின்னத் தங்கையை அணைத்துக்கொண்ட கை. அந்த அணைப்பால் எதுவும் மாறிவிடவில்லை. ஆனாலும் அந்தக் கை அணைக்கத்தான் போனது. கட்சி செய்த பெரிய கொடுமை, இப்படிப்பட்ட அணைப்புக்கு அர்த்தமே இல்லை என்று நம்பவைத்தது என்கிறான்.

இன்னொன்று கடைசியில் வருகிற பூங்கா. மார்ச் மாதக் குளிர். கைதாகிச் சித்திரவதைப்பட்டு விடுதலையான பிறகு வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். கட்சிக்கு இனி இவர்களைப் பற்றிக் கவலை இல்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று அவள் சொல்கிறாள், அவனும் அதையே சொல்கிறான். தாங்க முடியாத ஒன்றைக் காட்டும்போது ‘எனக்குச் செய்யாதே, அவளுக்குச் செய்’ என்று கத்திவிடுகிறோம், அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொல்கிறோம், அதற்கப்புறம் அந்த ஆள் மேல் பழைய மாதிரி இருக்க முடிவதில்லை. சித்திரவதை அறையில் வின்ஸ்டன் முகத்தருகே கொண்டுவந்த எலிக்கூண்டின் வேலை இதுதான். 101ஆம் அறைக்குள் வின்ஸ்டனின் ‘நான்’ அழியவில்லை. அவன் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். உலகத்திலேயே தான் மட்டும்தான் முக்கியம் என்று ஆன அந்த நொடியில்தான் கட்சி அவனை முழுசாக வென்றது. இதைத் தனிமனிதவாதத்தின் புகழ்பாட்டு என்று எப்படி வாசிப்பது?

ஆர்வெல் சோஷலிஸ்ட் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தூக்கிப் போனவர். ‘1984’ சோஷலிசத்தின் மேலான தாக்குதல் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1944இல், தடையற்ற சந்தையை ஆதரித்த ஹயெக்கின் பொருளாதார நூலுக்கு எழுதிய மதிப்புரையில், எல்லாம் பொதுவுடைமை ஆனால் ஜனநாயகம் தானாக வந்துவிடாது, ஒரு சின்னக் கும்பலின் கையில் பயங்கர அதிகாரம் சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், கட்டுப்பாடற்ற போட்டிக்குத் திரும்புவது சாதாரண மக்களுக்கு அதைவிட மோசமான கொடுங்கோன்மையாகத்தான் முடியும் என்றும் சொல்கிறார். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத பதில்.

பிரச்சாரம் என்று நீங்கள் சந்தேகப்பட்டதற்கும் அடிப்படை இருக்கிறது. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ 1954இல் கார்ட்டூன் படமாக வந்தபோது பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடமிருந்து வந்தது. முடிவை மாற்றினார்கள். புத்தகத்தில் கடைசியில் பன்றியும் மனித முதலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே நிற்கிற விலங்குகளுக்கு யார் எது என்று வித்தியாசம் தெரியவில்லை. படத்தில் அந்த மேசையில் மனிதர்களைக் காணோம், பன்றிகள் மட்டும். விலங்குகள் எழுந்து அவற்றை வீழ்த்துகின்றன. பிரச்சாரத்துக்கு உதவ வேண்டுமென்றால் கதையை வெட்டித் திருத்த வேண்டியிருந்தது என்பதே போதுமான சாட்சி.

ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கருத்து வெளிப்படையாகவே இருக்கிற புத்தகம் அது. ‘எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்’ என்று தூக்கத்தில் ஓதி வளர்க்கிறார்கள். நடைமுறையில் யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ‘அம்மா’ என்பது கெட்ட வார்த்தை. ஓர் அத்தியாயத்தில் ஒற்றுமை வழிபாடு என்று ஒரு சடங்கு வருகிறது. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஸ்ட்ராபெரி ஐஸ்க்ரீமில் சோமா என்ற போதை மருந்து கலந்த கோப்பையைக் கைமாற்றிக் குடித்து, நான் கரைந்து போகட்டும் என்று பாடுகிறார்கள். அவர்களில் ஒருவனான பெர்னார்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின், ஒன்றோடொன்று சேர்ந்துபோன புருவம்தான் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் பரவசமாகக் கத்த, அவனும் கத்துகிறான், ஆடுகிறான். முடிந்ததும் ஒருத்தி, அற்புதம் இல்லையா என்கிறாள். ஆமாம், அற்புதம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பொய் சொல்கிறான். வந்தபோது இருந்ததைவிடத் தனியாக உணர்கிறான். கட்டாயக் கூட்டத்தின் தனிமையை இவ்வளவு சிரிப்போடு எழுதிய இடம் வேறெங்கும் நான் படித்ததில்லை. 1946 பதிப்பின் முன்னுரையில் ஹக்ஸ்லி, இப்போது எழுதினால் மூன்றாவது வழி ஒன்றை வைப்பேன் என்கிறார். அவர் மனதில் இருந்தது, ரஷ்ய அராஜகவாதச் சிந்தனையாளர் க்ரொபோத்கின் சொன்ன வகையில் கூட்டுறவாக, சிறு சிறு சமூகங்களாக வாழ்கிற ஏற்பாடு. தனியாகக் காட்டுக்குப் போய்விடு என்று அவரும் சொல்லவில்லை.

இனி, நீங்கள் சந்தேகப்பட்ட மாதிரியே எழுதப்பட்ட கதை. அய்ன் ராண்ட் 1926இல் சோவியத் ரஷ்யாவை விட்டு அமெரிக்கா போனவர். அவருடைய ‘ஆன்த்தெம்’ 1938இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அங்கேயும் பெயருக்குப் பதில் எண்கள், ‘நான்’ என்ற சொல்லே தடை, எல்லாம் ‘நாம்’. ஸம்யாதினின் ஓரரசு விண்கலம் கட்டும், ராண்டின் உலகம் மெழுகுவத்தியைத் தாண்டவில்லை. அந்த மெழுகுவத்திக்கே எல்லா மன்றங்களும் ஒப்புதல் தர ஐம்பது ஆண்டு ஆனதாம். இந்தக் கிண்டல் நன்றாகவே இருக்கிறது, கமிட்டி கூட்டங்களில் உட்கார்ந்த எவருக்கும் சிரிப்பு வரும். நாயகன் சுரங்கப்பாதையில் தனியாக உட்கார்ந்து மின்விளக்கைத் திரும்பக் கண்டுபிடிக்கிறான், ஓடிப்போகிறான், பழைய வீடொன்றில் புத்தகங்களைப் படித்து ‘நான்’ என்ற சொல்லை அடைகிறான்.

அங்கேதான் கதை எனக்கு உடைகிறது. மின்சாரம் தனியொருவன் கண்டுபிடித்த பொருளா என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவன் கற்றுக்கொண்டதெல்லாம் முன்னால் வாழ்ந்தவர்கள் விட்டுப்போன புத்தகத்திலிருந்துதான். ‘நான்’ என்ற சொல்லே இன்னொருவர் எழுதி வைத்ததிலிருந்து கிடைக்கிறது. அப்புறம் முதல் வேலையாகத் தனக்கு ப்ரொமீதியஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். கூட வந்த பெண்ணுக்கும் அவனே காயா என்று பெயர் வைத்துவிடுகிறான். தனிமனித விடுதலையின் முதல் நாளிலேயே ஒருத்திக்கு இன்னொருவன் பெயரைத் தீர்மானிக்கிறான், ராண்டுக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. ஓ-90ஐ எழுதிய ஸம்யாதின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ராண்டுக்கு எதிரி ‘நாம்’ என்ற சொல். ஸம்யாதினுக்கு எதிரி அட்டவணை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் வேண்டுமானால் இ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய ‘இயந்திரம் நிற்கிறது’ என்ற நீண்ட சிறுகதையைப் படியுங்கள். ரஷ்யப் புரட்சிக்கே எட்டு ஆண்டு முந்தியது. அங்கே கூட்டமே இல்லை. ஒவ்வொருவரும் பூமிக்கடியில் தேனடையின் அறை போன்ற ஆறுபக்க அறையில் தனித்தனியாக இருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, பொத்தானை அழுத்தினால் பாட்டு, ஒளித்தட்டில் நண்பர்கள் முகம். வாஷ்டி என்ற அம்மாவுக்குப் பல ஆயிரம் பேரைத் தெரியும். நேரில் யாரையும் தெரியாது. பெற்றோரின் கடமை குழந்தை பிறந்த நொடியோடு முடிகிறது என்று விதிப்புத்தகத்தில் பக்க எண்ணோடு இருக்கிறது. ஆகாயக்கப்பலில் அவள் தடுமாறும்போது பணிப்பெண் கையை நீட்டித் தாங்கப் போக, எவ்வளவு தைரியம் உனக்கு என்று சீறுகிறாள். ஒருவரை ஒருவர் தொடும் வழக்கமே அங்கே ஒழிந்துவிட்டது. அவள் மகன் கூனோ கேட்பது ஒன்றே ஒன்று: இயந்திரம் வழியாக வேண்டாம், உன்னை நேரில் பார்க்க வேண்டும்.

ஃபார்ஸ்டரின் அறையையும் ஸம்யாதினின் கண்ணாடி வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை, மற்றதில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். இரண்டிலும் தொட ஆளில்லை. சர்வாதிகார இயக்கங்கள் சிதறிய, தனித்துப்போன மனிதர்களைத்தான் திரட்டுகின்றன என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1951இல் எழுதினார். நாவலாசிரியர்கள் அதற்கு வெகு முன்னாலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இதை வைத்து, அப்படியானால் கூட்டுவாழ்வில் ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதை நேர்மையாக எழுதியவர் உர்சுலா லெ குவின். ‘தி டிஸ்பொசெஸ்ட்’ (1974) நாவலின் அனாரெஸ் கிரகத்தில் அரசு இல்லை, போலீஸ் இல்லை, சொத்தும் இல்லை. பஞ்சம் வந்தால் பகிர்ந்துகொள்கிறார்கள். லெ குவினுக்கு அந்தச் சமூகத்தின் மேல் உண்மையான பாசம் உண்டு. ஆனால் அங்கே ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்பதே சட்டமாகிவிடுகிறது. கொஞ்சம் தனியாக எதையாவது செய்தால் ‘அகந்தை’ என்று வாயடைக்கிறார்கள். டிரின் என்ற இளைஞன் ஒரு கேலி நாடகம் போடுகிறான். யாரும் அவனைக் கைது செய்யவில்லை. பொதுவில் கண்டித்தார்கள், படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அனுப்பினார்கள், கடைசியில் மனநலக் காப்பகத்தில் முடிகிறான். எல்லாம் நல்லவர்களே சேர்ந்து செய்தது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு டெலிஸ்கிரீனைவிட இந்தப் பகுதிதான் நெருக்கமாகப் படும் என்று நினைக்கிறேன். இருந்தும் நாயகன் ஷெவெக், பணமும் அழகும் நிறைந்த உர்ராஸ் கிரகத்தையும் அங்கே வேலைநிறுத்தக்காரர்கள் மேல் குண்டு பொழிவதையும் பார்த்த பிறகு, அனாரெஸுக்கே திரும்புகிறான். சண்டை போடவாவது அங்கே ஓர் ‘எங்கள்’ இருக்கிறது.

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) பற்றியும் ஒரு வார்த்தை. முதல் அத்தியாயத்திலேயே, பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் கட்டிலாகப் படுக்கவைக்கப்பட்ட பெண்கள், காவல் பெண்கள் பார்க்காத நேரம் இருட்டில் கையை நீட்டிப் பக்கத்துக் கட்டிலின் கையைத் தொடுகிறார்கள். உதட்டசைவில் தங்கள் பெயரைக் கட்டிலுக்குக் கட்டில் கடத்துகிறார்கள்: அல்மா, ஜனீன், டோலோரெஸ், மொய்ரா, ஜூன். அரசு பறித்துக்கொண்ட தனிப்பெயர் பிழைத்திருப்பது பக்கத்துக் கட்டிலின் ஞாபகத்தில். அதே நாவலில் இதே பெண்களை வட்டமாக நிறுத்தி ஒருவனை அடித்துக் கொல்லவும் வைக்கிறார்கள். இரண்டும் கூட்டுச் செயல்தான். ஒன்று அவர்களாகச் செய்தது, மற்றது விசில் ஊதிச் செய்யவைத்தது.

எந்த வரிசையில் படிக்கலாம் என்றால், முதலில் ஃபார்ஸ்டர். ஒரே மாலையில் முடித்துவிடலாம். பிறகு ‘நாம்’ நாவலை ஓ-90 மேல் ஒரு கண் வைத்துத் திரும்பப் படியுங்கள். நாற்பது குறிப்புகள்தான், முதல் பத்தில் கணித உவமைகள் கொஞ்சம் அலுப்புத் தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘1984’ இரண்டாம் முறை படிக்கும்போது ஓ’பிரையனின் நீண்ட பேச்சுகளை வேகமாகத் தாண்டிப் போகலாம், அம்மாவின் ஞாபகம் வருகிற பக்கங்களைத் தாண்டக் கூடாது. லெ குவின் மெதுவாகத்தான் பிடிபடும், அவசரப்படாதீர்கள். ராண்டையும் படிக்கலாம், சின்னப் புத்தகம்தான். ஆனால் ‘நாம்’ முடித்த கையோடு படியுங்கள், கடன் வாங்கியது எது, விட்டுவிட்டது எது என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடுவீர்கள்.